கழன்ற சக்கரங்கள்

சக்கரங்கள் கழன்றன என்று ஒரே ஒரு வரி.
அந்த வரிக்குள் குந்தியிருக்கிறேன் நான்,
ஹூயா, ராமசேஸ் பட்டணத்துத் தேர்த்தச்சன்.
மடியில் ஒரு குடம், ஆறு ஆரக்கால்.

கழற்றியது யார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை.
எனக்கும் அவரோடு வழக்கில்லை.
ஆனாலும் செய்தவனை
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வடக்கிலிருந்து கப்பலேறி வரும் மரம்.
ஆவியில் வாட்டி வளைத்து
குடமும் காலும் கூடுமிடத்தில்
ஈர மாட்டுத்தோலை வார் வாராய்ச் சுற்றுவோம்.
காய்ந்தால் அது கல்.
நனைந்தால் திரும்பவும் மாடு.
அதனால்தான் மேலே பூர்ச்சம்பட்டை ஒட்டுவது.

அந்த வருஷம் பட்டை வரவில்லை.
மாடோ, நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது.
ஊரெல்லாம் மலிந்து கிடந்தது
நோய் தின்ற தோல்.
விரலால் அழுத்தினால் குழி விழும், எழும்பாது.
கண்காணிப்பாளரிடம் சொன்னேன்.
அவர் பாக்கியைப் பற்றிப் பேசினார்.

பக்கத்துத் தெரு யெமீமாள்
அன்று சாயங்காலம் வந்து வாசலில் நின்றாள்.
என் மனைவி தாகாத் உள்ளே போய்
வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து வந்து கொடுத்தாள்.
இரவல் என்றுதான் இருவரும் சொன்னார்கள்.
திரும்பாது என்று இருவருக்கும் தெரியும்.
யெமீமாளின் புருஷன் முதுகை நான் பார்த்திருக்கிறேன்,
செங்கல் சுமந்ததல்ல, பிரம்பு விழுந்தது.
பார்த்துவிட்டு
ஆரக்காலுக்கு உளி பிடித்தவன் நான்.
ஒரு கிண்ணம் எந்தக் கூலியில் சேரும்?

அன்றிரவு
எங்கள் தலைச்சன் நெப்ரே.

பதினாலு வயது.
வாரைப் பல்லால் கவ்வி இழுத்துப் பிடிப்பான்,
நான் முடிச்சிடும் வரைக்கும்.
கைகொட்டிச் சிரிக்க முடியாத வேலை என்பான்,
வாய் நிறையத் தோல்.

அவனை உப்பில் கிடத்திவிட்டுத் திரும்புகிறேன்,
பட்டறை வாசலில் அரண்மனை ஆள்.
அறுநூறு தேர். உடனே.
அதில் பதினேழு என் கணக்கு.
கடைசிச் சக்கரத்துக்கு வார் போதவில்லை.
பலகைமேல் கிடந்தது
அவன் பல் பதிந்த துண்டு.
சுற்றினேன்.
அனுப்பினேன்.

கடலுக்கு நான் போகவில்லை.
போனவர்கள் வந்து சொல்லவுமில்லை.
அக்கரையில் பெண்கள் தம்புரு அடித்துப் பாடினார்களாம்.
பாட்டில் குதிரை உண்டு,
குதிரையேறியவன் உண்டு, பார்வோன் உண்டு.
ஈரம் கண்ட தோல்
மெல்ல மெல்ல இளகி
பல் தடம் விரிந்து அழிந்ததை
யார் கண்டார்கள் அந்த இருட்டில்?

வெகுகாலம் போயிற்று.
இராஜாக்கள் மணலானார்கள், மணலுக்கும் வரி போட்டார்கள்.
ஒருநாள் நதியோரத்து ஊரொன்றுக்கு
வெளியூர்த் தச்சன் ஒருவன் வந்தான்,
கழுதைமேல் மனைவி, மடியில் கைப்பிள்ளை.
பிள்ளைகளைக் கொல்லும் ராஜா
இந்த முறை அந்தப் பக்கம்.

படகு கட்டிப் பிழைத்தவனின் விதவை தாயேசி
என் வம்சம் என்று அவளுக்குத் தெரியாது.
வேலை தேடி நின்றவனின் கையைப் பார்த்தாள்:
காய்ப்பு இருந்தது, கருவி இல்லை.
புருஷனின் வாய்ச்சியை எடுத்துக் கொடுத்தாள்.
ஊர் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை.
குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

ஊர் திரும்பும் நாள் வந்தபோது
விடிவதற்குள் வந்து வாசலில் வைத்துப் போயிருந்தான்.
வாய் தீட்டியிருந்தது.
பிடி புதுசு, கருவேலம்.

அதை யாரும் எழுதவில்லை.
எழுதாததில் நிறைய இடம் இருக்கிறது,
அங்கேதான் நாங்கள் வசிக்கிறோம்.

வாய்ச்சி வந்து சேர்ந்ததை தாகாத்திடம் சொன்னேன்.
சரி என்றாள்.
என் கிண்ணம்? என்றாள்.
அது உருகி ஏதோ கூடாரத்தில்
தூணுக்குப் பாதமாய் நிற்கிறதாம் என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை அவள்.

விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்ததே,
நெப்ரே கீழே போட்டது,
அதுவுமா உருகிவிட்டது?